ராசா என்று சொல்லிவிட்டால்

எங்கள் வீட்டில் தேநீருக்கு முன்பே காலை ஜெபம் முடிந்துவிடும். மனைவி ஜெபிப்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு இருப்பேன். "ராசாவே, இண்டைக்கும் நாங்க உங்கட ஆக்கள். நீங்க சொல்றதச் செய்றம்" என்று சொல்லித்தான் அவள் முடிப்பாள். கலியாணம் செய்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டு, அந்த வார்த்தைகள் என் காதில் விழுந்தும் விழாமலும் போய்க்கொண்டிருந்தன.

கல்முனையில் கிறிஸ்தவர்கள் கொஞ்சப் பேர். எங்கள் ஆலயத்துக்கு ஒரு பக்கம் முஸ்லிம்களின் புடவைக் கடைகள், மறுபக்கம் தமிழ் வீடுகள். குருத்தோலை ஞாயிறன்று தென்னங்குருத்தைப் பிடித்துக்கொண்டு, ராசாவை வாழ்த்திப் பாடியபடி தெருவால் வருவோம். கடை திறக்க வருகிறவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வழிவிடுவார்கள். அதற்கு மேல் ராசா என்ற சொல்லுக்கு ஒரு வேலை இருப்பதாக நான் யோசித்ததில்லை. நாங்கள் வாக்குப் போட்டு ஆட்களை அனுப்புகிறவர்கள். பிடிக்காவிட்டால் திட்டிவிட்டு அடுத்த முறை மாற்றுகிறவர்கள். ராசாவின் கீழ் வாழ்ந்த பழக்கம் எங்களில் யாருக்கு இருக்கிறது?

நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன். மனைவி சபை நடத்தும் பாலர் பாடசாலையில் டீச்சர். அவளுக்கு ஒரே தம்பி. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்தபோது தாயையும் தகப்பனையும் இருவரும் ஒன்றாக இழந்தார்கள். அப்போது அவன் சின்னப் பிள்ளை. அவள்தான் வளர்த்தாள். நான் அவளைக் கட்டியபோது அவனும் எங்களோடு வந்து சேர்ந்தான். பெரியவனாகி வேலை கிடைத்ததும் பாண்டிருப்பில் ஒரு சின்ன வீடு எடுத்துத் தனியே இருந்தான். சவர்க்காரம், பிஸ்கட் விற்கிற கம்பனி ஒன்றுக்காக ஊர் ஊராகக் கடைகளில் ஓர்டர் எடுக்கிற வேலை. மோட்டார் சைக்கிளில் ஏறினால் அவனுக்குப் பொறுமை என்பது கிடையாது.

பெரும்போக நெல் வெட்டு முடிந்துகொண்டிருந்த நேரம் அது. மனைவிக்கு அம்பாறையில் ஒரு அலுவல் இருந்தது. அவன் அவளை ஏற்றிக்கொண்டு போய், மத்தியானம் திரும்பி வந்துகொண்டிருந்தான். மாவடிப்பள்ளிக்குக் கிட்ட வீதியோரம் நெடுக நெல் காயப்போட்டிருந்தார்கள். வீதி பாதியாகச் சுருங்கிக் கிடந்தது. முன்னால் ஓர் உழவு மெசின், பின்னால் இழுத்த பெட்டி நிறைய நெல் மூட்டையோடு மெதுவாகப் போனது. வலப்பக்கம் இருந்த நெல் ஆலைக்குள் அது திரும்பியது. அதே நேரம் இவன் அதை வலப்பக்கத்தால் முந்தப் பார்த்தான். மெசினின் பெரிய சில்லுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இடையில் அவன் கால் அகப்பட்டது.

பின்னால் ஒருபக்கமாகச் சரிந்து உட்கார்ந்திருந்த மனைவி தூக்கி வீசப்பட்டு, காயப்போட்ட நெல்லுக்குள் விழுந்தாள். மணிக்கட்டு மட்டும் முறிந்தது. ஆஸ்பத்திரிக்கு நான் ஓடிப்போனபோது அவள் தலைமுடிக்குள் நெல்மணிகள் இருந்தன. மெசின் ஓட்டிவந்தவர் இறக்காமத்து முஸ்லிம், நடுவயது, சொந்த வயலில் வேலை செய்கிறவர். தன் சேர்ட்டைக் கழற்றிக் காலை இறுக்கிக் கட்டி, வழியில் வந்த வான் வண்டியொன்றை மறித்து அவனை ஏற்றி அனுப்பியது அவர்தான். பிறகு தானாகவே பொலிசுக்குப் போனார். அவரை மறியலில் அடைத்து வைத்தார்கள். மெசினையும் பிடித்து வைத்தார்கள். வெட்டுக் காலத்தில் ஒரு கமக்காரனுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மச்சினனின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வழக்கு ஒரேயொரு விஷயத்தில் நின்றது. பெட்டிக்குப் பின்வெளிச்சம் இல்லை. அடுக்கியிருந்த மூட்டைகளின் மறைப்பில் மெசினின் சிக்னலும் தெரியாது. அப்படியானால் திரும்புமுன் அவர் கை காட்டினாரா, இல்லையா? காட்டினேன் என்றார் அவர். காட்டவில்லை என்று கட்டிலில் கிடந்தபடி வாக்குமூலம் கொடுத்தான் இவன். ஆலைக்காரர்கள் சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தவர்கள். மிச்சமிருந்த ஒரே சாட்சி என் மனைவி.

ஆஸ்பத்திரியில் அவன் அவளிடம் கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அக்கா, உங்களயும் கேப்பாங்க. நான் சொன்னதையே சொல்லுங்க."

"நான் கண்டன் தம்பி. அவர் கைய நீட்டினார். உனக்கிட்டச் சொன்னனே, கை காட்டுறார், மெள்ளப் போ எண்டு."

"எனக்குக் கேக்கல்ல."

"நான் கண்டது கண்டதுதானே?"

"என்ட கால் போயிட்டு அக்கா. வேலை போயிட்டு. அந்தாள் பிழை எண்டாத்தான் எனக்கு ஏதும் கிடைக்கும். இதுவும் இல்லாட்டி நான் என்ன செய்யிற?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சபையில் மூத்த பெண்ணொருத்தி வந்து, "அவன் உன்ட ரத்தமடி. தாய் இருந்தா உன்ன என்ன சொல்லுவா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். முன்வீட்டுக்காரர் அவளிடம் பேசாமல் என்னிடம் பேசினார். "சேர், எங்கட பொடியன்ட கால் போயிருக்கு. டீச்சர் அவங்கட ஆளுக்குச் சாட்சி சொல்லப் போறாவாமே?" என்றார். இந்த ஊரில் இரண்டு வாகனம் முட்டினால் முதலில் விசாரிப்பது எந்த ஊர் ஆள் என்பதைத்தான். போதகர் வந்து ஜெபித்தார். என்ன செய்யச் சொல்லி எதுவும் சொல்லவில்லை. அது அவருடைய புத்திசாலித்தனம் என்று அப்போது நினைத்தேன்.

மறுபக்கத்திலிருந்தும் வந்தார்கள். இறக்காமத்திலிருந்து இரண்டு பேர், மெசின்காரரின் உறவினர்கள், ஒரு தயிர்ச்சட்டியோடு வந்து இருந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். கடைசியில் ஒருவர் விஷயத்துக்கு வந்தார்.

"டீச்சர், தம்பி போனப் பார்த்துக்கிட்டு வந்த எண்டு ஆலையடியில கதைக்காங்க. அதையும் நீங்க ஒரு சொல் செல்லிட்டா கேஸ் லேசா முடிஞ்சிரும்."

"போன் பார்த்தத நான் காணல்ல காக்கா." அண்ணனை அவர்கள் அழைப்பதுபோலவே அவளும் அழைத்தாள்.

"பார்த்திரிப்பார்தானே."

"இரிக்கலாம். நான் காணல்ல. காணாதத எப்பிடிச் சொல்ற?"

அவர்கள் எழும்பினார்கள். தயிர்ச்சட்டியையும் அவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவர்கள் முகம் சுண்டிப் போனது. வாசல்வரை நான் போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். இப்போது இரண்டு பக்கமும் அவள்மேல் கோபம்.

மச்சினனுக்காக வந்த சட்டத்தரணி ஆறுதலாகப் பேசுகிறவர். பொய் சொல்லுங்கள் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. "டீச்சர், நீங்க சரிஞ்சு இருந்திருக்கிறீங்க, முகம் இடப்பக்கம். அவர் கை காட்டினதெண்டாலும் அது வலப்பக்கம். நீங்க காணல்ல எண்டு சொன்னா ஆரும் நம்புவாங்க. நீங்களும் கனக்கச் சொல்லத் தேவையில்ல" என்றார். எனக்கு அது நல்ல வழியாகப்பட்டது. கணக்கில் விடை தெரியாவிட்டால் இடத்தை வெறுமையாக விடுவதைப் போல. விடை தெரிந்தும் வெறுமையாக விடுவது வேறு என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அவர் போன பிறகு குசினியில் அவளிடம் அதைச் சொன்னேன். முறிந்த கையைக் கழுத்தில் கட்டிய துணியில் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்க, நான் கண்டன்" என்றாள்.

"கண்டதுதான். சொல்லாம விடலாமே?"

"கேக்கக்க சொல்லாம விட்டா?"

"அவன்ட நிலையப் பாரு."

"அவன்ட நிலையத்தான் நான் விடிஞ்சாப் பொழுதுபட்டாப் பாக்கிறன்." அரிசிச் சட்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது. "நான் ஒவ்வொரு நாளும் காலையில அவர ராசா எண்டு கூப்பிடுறன். ராசா எண்டு சொல்லிப்போட்டு, எனக்கு நோகாத நாளில மட்டும் அவர்ர சொல்லக் கேட்டா, அவர் ராசா இல்ல, விருந்தாளி. வாங்க, இரிங்க, தேத்தண்ணி குடிங்க எண்டு சொல்லி அனுப்பிவிடுறம். அவ்வளவுதான்."

அன்றுதான் அந்தச் சொல் என் காதில் முழுதாக விழுந்தது என்று சொல்லலாம்.

அவள் தைரியசாலி என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த நாட்களில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாலர் பாடசாலையில் ஒரு பிள்ளைக்குக் கை ஓங்கிவிட்டு வந்து அழுதாள். சாட்சி சொல்லும் நாள் காலையில் ஒற்றைக் கையால் முற்றத்தைக் கூட்டி, முடிந்ததும் திரும்பவும் கூட்டினாள். அன்றைய ஜெபத்தில் வழக்கமான கடைசி வரி வரை வந்து அப்படியே நின்றுவிட்டாள். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதைச் சொன்னாள்.

நீதிமன்றில் தம்பி சக்கர நாற்காலியில் முன்வரிசையில் இருந்தான். எதிர்ப்பக்கம் மெசின்காரர், கழுவித் தேய்த்த வெள்ளைச் சேர்ட், தலையில் தொப்பி. தம்பியின் சட்டத்தரணி அவளிடம் கேட்டார்: "இடப்பக்கம் பார்த்து இருந்தனீங்க, வலப்பக்கம் நீட்டின கையை எப்படிக் கண்டீங்க?"

"தம்பி வேகமா ஓடினதால மெள்ளப் போ எண்டு சொல்லத் திரும்பினன். திரும்பக்கதான் கண்டன். கை வெளிய நீட்டி இருந்தது. சேர்ட் கைய முழங்கைக்கு மேல மடிச்சிருந்தார்."

"கண்டு என்ன செய்தீங்க?"

"கை காட்டுறார் எண்டு தம்பியிட்டச் சொன்னன்."

"அவர் கேட்டாரா?"

"அது எனக்குத் தெரியா. சொன்னது மட்டுந்தான் தெரியும்."

எதிர்ப்பக்கச் சட்டத்தரணி எழும்பி, தம்பி போன் பார்த்தாரா என்று கேட்டார். காணவில்லை என்றாள். அவ்வளவுதான். தம்பி அவளைப் பார்க்கவில்லை. மெசின்காரரும் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்கு வெளிச்சம் இல்லாததற்கு அவருக்குத் தண்டம் விதித்தார்கள். மற்றக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தார்கள். வெளியே வந்ததும் தம்பியை ஏற்ற அவன் கூட்டாளிகள் ஒரு ஓட்டோ கொண்டுவந்திருந்தார்கள். அவள் கிட்டப் போனாள். "என்னோட கதைக்க வராதீங்க" என்றான். ஓட்டோ போய்விட்டது.

அவன் எங்கள் வீட்டுக்கு வர மறுத்தான். பாண்டிருப்பு வீட்டிலேயே இருந்தான். அடுத்த நாள் பாலர் பாடசாலை விட்டதும் இவள் சோற்றுக் கரியரைத் தூக்கிக்கொண்டு அங்கே போனாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இவள் வீட்டைக் கூட்டி, உடுப்பைத் தோய்த்து, காயத்தின் துணியை மாற்றிவிட்டு வந்தாள். அவள் போன பிறகுதான் அவன் சாப்பிடுவானாம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னது. அடுத்த நாளும் போனாள். அப்படியே மாதங்கள் போயின. சிறுபோகம் விதைத்து, கதிர் வந்து, வெட்டும் வந்துவிட்டது. அவன் வாய் திறக்கவில்லை.

குற்ற மனசுதான் அவளை அங்கே இழுக்கிறது என்று சபையில் பேசினார்கள். அதை நான் வந்து சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது.

"என்ன குற்றம் செய்தன் நான்? அவன் என்ட தம்பி. கோட்டில சொன்னதுக்கு மட்டுமா அவர் ராசா? சோறு கொண்டு போறதுக்கும் அவர்தான்."

ஒரு நாள் கரியரின் மூடியை அடித்து மூடினாள். "இண்டைக்கு எனக்கு அவன்ட முகத்தப் பாக்க ஏலா. மனிசனா அவன்?" என்றாள். நான் கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். செருப்பைப் போட்டுக்கொண்டு தானே கிளம்பினாள். இன்னொரு நாள் அங்கேயே அவனோடு சத்தம் போட்டு, "அண்டைக்கு நான் செத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்து வருந்தினாள். நான் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: சாட்சிக்கூண்டில் நின்றது கொஞ்ச நேரம். ராசாவின் கட்டளையில் மிச்சம் எல்லாம் சட்டி கழுவுவதும் துணி தோய்ப்பதுமாக இருந்தது. அதைப் பார்க்க நீதவானும் இல்லை, சனமும் இல்லை.

வழக்கு முடிந்த சில நாளில் மெசின்காரரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அந்த அம்மா உள்ளே வந்ததும் என் மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், நீங்க உள்ளதச் செல்லாட்டி எங்கட புள்ளையள் என்ன ஆகியிரிக்கும்? அல்லாஹ் உங்களுக்கு பறக்கத் செய்யணும்" என்றாள். இந்த முறை தயிர்ச்சட்டியை மனைவி வாங்கிக்கொண்டாள். "இப்ப வாங்கலாம்" என்றாள். மெசின்காரர் சிரித்தார். பிறகு தம்பியின் வீடு எது என்று கேட்டார்.

"போகாதீங்க காக்கா. அவன் பாக்க மாட்டான்" என்றாள் இவள்.

அவர் போனார். அவன் கதவைத் திறக்கவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பினார். சிறுபோக வெட்டுக்குப் பிறகு திரும்பவும் வந்து அதே வாசலில் இருந்தார். அன்று நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் கேட்டிருக்கிறாள்.

"தம்பி, நான் கை காட்டினன் எண்டதுக்காக உங்கட கால் திரும்பி வரப்போறல்ல. அது எனக்கு வெளங்கும். கேஸ் முடிஞ்சிட்டு எண்டு வராமலும் எனக்கு இரிக்க ஏலா" என்றாராம். கதவு அப்போதும் மூடியிருந்தது. அவர் கதவைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தாராம். தன் கூடப்பிறந்த தம்பி ஒருவர் யுத்த காலத்தில் கண்ணிவெடியில் கால் இழந்தவர் என்றும், மட்டக்களப்பில் செயற்கைக் கால் பொருத்தி இப்போது வயலுக்கே இறங்குகிறார் என்றும் சொன்னாராம். "கேட்டு வச்சிரிக்கன். வாறெண்டா நான் கூட்டிப் போறன்." பிறகு எழும்பிப் போய்விட்டார்.

மாரி தொடங்கியது. மனைவி காய்ச்சலில் விழுந்தாள். கரியரை நான் கொண்டுபோனேன். வெள்ளம் முழங்கால்வரை நின்ற தெருவால் நடந்து போய் உள்ளே வைத்தேன். கட்டிலில் இருந்தவன் என் பின்னால் வாசலைப் பார்த்தான்.

"அக்கா எங்க?"

"காய்ச்சல். எழும்ப ஏலா."

"டெங்குவா?"

"ரத்தம் பாத்தாச்சு. இல்லயாம்."

கூரைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. நான் திரும்பப் போகும்போது, "அத்தான்" என்றான். "அக்கா அண்டைக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. மெள்ளப் போ எண்டது. கேட்டுத்தான் நான் முறுக்கினன். முந்திரலாம் எண்டு நினைச்சன்."

நான் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அக்காக்கிட்டச் சொல்லு" என்றேன்.

"அவக்குத் தெரியும் அத்தான். தெரிஞ்சும் கோட்டில சொல்லல்லயே. கேட்டாரா எண்டு கேக்க, தெரியா எண்டா." முகத்தை இரண்டு கையாலும் துடைத்தான். "நான் ஒவ்வொரு நாளும் அதத்தான் யோசிச்சுக்கிட்டு இரிக்கன்."

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். போர்வைக்குள் இருந்தபடியே கேட்டாள். "கேட்டிருக்கும் எண்டு நினைச்சன். நினைச்சதெல்லாம் சாட்சியா?" என்றாள். பிறகு போர்வையை முகத்துக்கு மேலால் இழுத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. நான் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தேன்.

காய்ச்சல் மாறியதும் அவளே கரியரைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் எதையோ எதிர்பார்த்து வீட்டில் காத்திருந்தேன். அவள் திரும்பி வந்து கரியரை மேசையில் வைத்த சத்தமே வித்தியாசமாக இருந்தது.

"கதைச்சிட்டான்" என்றாள்.

"என்ன சொன்னான்?"

"நெடுகக் கீரி மீன்தானா, இந்தக் கடலில வேற மீன் இல்லையா எண்டு கேக்கான்." இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "நான் நோயால எழும்பிச் சமைச்சுக் கொண்டுபோறன், அவனுக்கு வாயப் பாருங்க!"

அதற்கு மேல் அவர்களுக்கிடையில் என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டானா, கேட்கவில்லையா என்று நான் விசாரிக்கவுமில்லை. வெள்ளம் வடிந்ததும் மெசின்காரர் ஓட்டோவோடு வந்து அவனை மட்டக்களப்புக்கு அளவெடுக்கக் கூட்டிப்போனார். பிறகும் பல தடவை போய்வந்தார்கள். வழி நெடுக இருவரும் கிரிக்கெட்டுக் கதைத்துச் சண்டை பிடிப்பார்களாம். இப்போது அவன் கல்முனைக் கடைத்தெருவில் போன் திருத்துகிற ஒரு கடையில் இருக்கிறான். படி ஏறும்போது மட்டும் கொஞ்சம் நிதானம்.

அவன் முதன்முதலாக அவளோடு கதைத்த அன்று பின்னேரம் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். கரைவலை இழுத்து முடித்திருந்தார்கள். ஈர மணலில் ஒரு பெரிய பாரை மீன் கிடந்தது. விலை கூடியதால் நான் வழக்கமாகப் பார்க்காமல் கடந்து போகிற மீன். அதைக் காட்டினேன்.

விற்றவர் என்னை அடையாளம் தெரிந்தவர். "என்ன சேர், பாரையா? வீட்டில என்ன விசேசம்?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்ல" என்றேன். "மச்சினனுக்குக் கீரி அலுத்துப் போச்சாம்."

அவர் மீனைத் துண்டு போடத் தொடங்கினார்.